அழுகிற மூஞ்சி வண்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. கார் வாங்கிய அன்று கடைக்காரர்களே எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தது. என் உயரத்தில் பாதி இருக்கும் ஓர் அட்டைச் சாவியை நானும் என் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் மாலை போட்ட வெள்ளை வண்டி. மகனுக்கு அந்தப் பக்கம், படத்தின் ஓரத்தில், விற்பனைக்காரரின் பாதித் தோளும் டையும் தெரியும். எனக்கு இந்தப் பக்கம் என் தம்பி, தோளில் துண்டோடு. என் கல்யாணப் போட்டோவில்கூட நான் தலை குனிந்துதான் நிற்பேன். இந்த ஒரு படத்தில்தான் விழுந்த பல்லின் சந்து தெரிய வாய் திறந்து சிரிக்கிறேன். தம்பி மட்டும் காமிராவைப் பார்க்கவில்லை. என் பக்கமாகத் திரும்பிச் சிரிக்கிறான். அக்கா பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் என்னைத்தான் பார்க்கிறான் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூடப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அம்மா செத்தபோது தம்பி தூளியில் கிடந்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறாக்கப் பழகினேன். வளர்ந்து மாட்டுத் தரகன் ஆனான். வாரச் சந்தையில் அவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்பார்கள். மாடு பிடிக்கப் போகும்போது சில தடவை என்னையும் கூட்டிப் போவான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் வீட்டுப் பொம்பளை மாட்டைச் சுற்றி வந்து, “சுழி சரியில்லீங்க” என்று சொல்ல வேண்டும். நெற்றியிலோ முதுகிலோ மயிர் சுழித்திருக்கும் இடம் குடும்பத்துக்கு ஆகாது என்று அர்த்தம். பிறகு பிடிக்காத மாதிரி பத்தடி நடந்துவிட வேண்டும். விற்கிறவன் பின்னாலேயே கூப்பிட்டு விலையை இறக்குவான். எனக்கு அந்த ஒரு சொல் கடைசி வரைக்கும் வாயில் வந்ததில்லை. மாட்டைப் பார்ப்பேன், விற்கிறவரின் முகத்தைப் பார்ப்பேன், தம்பியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். “எங்கக்கா வாயத் தொறந்தா முத்துக் கொட்டிரும்” என்று சந்தை முழுக்கச் சிரிக்க வைப்பான். எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த நிலம் ரோட்டுக்குப் போனது. அதற்கு வந்த பணம் என் பேரில் பாங்கியில் கிடந்தது. ஓசூர்க் கம்பெனியில் வேலை போய் மகன் வீட்டோடு இருந்த சமயம். ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டினால் பிழைத்துக்கொள்வேன் என்றான். பேரம் பேச யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தம்பி இருக்கும்போது என்ன யோசனை? அவன் இரண்டு தடவை தனியாகத் தர்மபுரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, மூன்றாம் தடவை எங்களைக் கூட்டிப் போனான். வழியில் என்னிடம், “அக்கா, இன்னிக்காவது ஒரு குத்தம் சொல்லு. நீ சொல்ற குத்தத்துலதான் வெல எறங்கும்” என்றான்.

கண்ணாடிக் கட்டடம். தரையில் என் முகம் தெரிந்தது. செருப்பை வாசலில் கழற்றப் போனவளை மகன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். விற்பனைக்காரர் ஒரு விலை சொன்னார். தம்பி துண்டை உதறித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு விலை கேட்டான். அவர் மேனேஜர் அறைக்குப் போவார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார். அரை மணி நேரம் இப்படியே போனது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். மாட்டைச் சுற்றுவது போல அந்த வண்டியை ஒரு சுற்று வந்தேன். அதில் சுழிக்கு எங்கே போவேன்? முன்பக்கம் வந்து நின்றேன். இரண்டு விளக்கும் கீழே இழுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கட்டின பிள்ளை மாதிரி இருந்தது. “மூஞ்சி அழுவுற மாதிரி இருக்குதுங்க” என்றேன்.

விற்பனைக்காரர் குனிந்து விளக்குகளைப் பார்த்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரே வெளியே வந்து, “அம்மா சொன்னதுக்காகவே முப்பதாயிரம் கொறைக்கிறேன்” என்றார். தம்பி என் தோளில் தட்டி, “அறுவது வருசத்துக்குச் சேத்து வெச்சுப் பேசிட்டியேக்கா!” என்றான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் வாயால் சொன்ன ஒரு சொல்லுக்கு முப்பதாயிரம் ரூபாய்.

அதன் பிறகு நான் கொஞ்சம் மாறித்தான் போனேன். ரேஷன் கடையில் எடையைப் பார்த்துக் கேட்டேன். கல்யாண வீடுகளில் யாராவது கார்க் கதையைக் கேட்டால், முந்தானையால் வாயை மூடிக்கொண்டாவது சொல்லிவிடுவேன். அப்படி ஒரு கல்யாணத்தில் கேட்டவர்தான் இண்டூரில் சத்துணவு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வர ஒரு வண்டி வேண்டும், உங்கள் தம்பியைப் பேசிவிடச் சொல்லுங்கள் என்றார். நான்தான் தம்பியிடம் சொன்னேன். அவனும், “நீயும் வாக்கா. அந்த அழுவுற மூஞ்சியச் சொல்லோணும்” என்றான்.

அதே கடை, அதே விற்பனைக்காரர். வீட்டுக்காரர் காலை மடக்கி ஏற முடியுமா என்று பார்க்க, அந்த அம்மா தள்ளி நின்ற ஒரு வண்டியில் ஏறியும் இறங்கியும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் நாற்காலியில் இருந்தோம். விற்பனைக்காரர் தம்பியிடம் குனிந்தவர், என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். தம்பி சொன்னான்: “எங்கக்காவுக்கு இதெல்லாம் வெளங்காதுங்க, நீங்க சொல்லுங்க.” அவர் சொன்னார்: “போன வருசம் உங்கக்கா வண்டிக்குப் போட்ட மாதிரியே போட்டுரட்டுங்களா? இன்சூரன்சு, சீட்டுக் கவரு, அது இதுன்னு அம்பது ஏத்திச் சொல்றேன். மூஞ்சி அழுவுதுன்னதும் மேனேஜரு வந்து முப்பது எறக்கிருவாரு. மீதி வழக்கம் போல உங்களுக்கு.”

எனக்கு விளங்கியது. கணக்கு அவ்வளவு பெரிய கணக்கு இல்லையே, ஐந்தாவது படித்தவளுக்கு அது போதும். மேனேஜர் அறைக்குப் போனது, உதட்டைப் பிதுக்கியது, எல்லாரும் சிரித்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த அம்மா திரும்பி வந்தார். போன வருஷம் நடந்தது அப்படியே மறுபடி நடந்தது. தம்பி துண்டைத் தோள் மாற்றிப் போட்டதுகூட. கடைசியில் முழங்கையால் என்னை இடித்தான். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார், நான் ஏதோ நல்லது செய்யப் போகிறேன் என்ற முகத்தோடு.

“வாங்கம்மா, போலாம். இங்க வேணாம்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். “அக்கா, இரு. அக்கா!” என்று தம்பி பின்னால் கூப்பிட்டது கேட்டது. சந்தையில் ஒரு நாளும் நடக்க வராத பத்தடி அது. விற்பனைக்காரர் அதையும் தம்பியின் புது வித்தை என்று நினைத்தாரோ என்னவோ, ரோடு வரைக்கும் ஓடி வந்து, “அம்மா, அம்பதும் கொறச்சிக்கறேங்க, உள்ள வாங்க” என்றார். ஐம்பதையும் ஏற்றாத அந்த விலைதான் வண்டியின் நிஜ விலை. என் மகனுக்கு அந்த விலை கிடைக்கவில்லை. நாங்கள் திரும்பாமல் பஸ் ஏறினோம். விலையை எழுத்தில் கேளுங்கள், இன்சூரன்சை வெளியே போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். தம்பியைப் பற்றிச் சொல்ல நாக்கு புரளவில்லை. அவர் பிறகு கிருஷ்ணகிரியில் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. “வெளியாளு முன்னாடி எம் மானத்த வாங்கிட்டியே. சந்தையில தரகு வாங்கறேன், அது தப்பா? உனக்காக மூணு நாளு அலஞ்சேன்.”

“கேட்டிருந்தா என் கையாலயே குடுத்திருப்பனே தம்பி.”

“கேட்டா, தூக்கி வளத்த அக்காகிட்டக் கூலி கேட்டவன்னு ஊரு பேசும்” என்றான்.

அதுகூட எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. “நான் மூஞ்சி அழுவுதுன்னதும் எல்லாரும் சிரிச்சாங்களே, அது நெசமாச் சிரிச்சதா, சொல்லி வெச்சுச் சிரிச்சதா?” என்று கேட்டேன். அவன் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அதற்கப்புறம் பொங்கல் வந்து போயிற்று. அவன் வரவில்லை. நானும் ஆள் விடவில்லை.

மகனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வண்டி ஓடுகிறது, அதில்தான் சாப்பிடுகிறோம். காலையில் அவன் கிளப்பும்போது வாசலில் நிற்பேன். முன்னால் அந்த இரண்டு விளக்கும் எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் போன பிறகு கூடத்துக்கு வந்து போட்டோவைத் துடைப்பேன். நான் குள்ளம். தம்பி நெடுநெடுவென்று இருப்பான். அவன் கண் என் முகத்தில் இல்லை. என் தலைக்கு மேலே, என் மகனையும் தாண்டி, ஓரத்தில் பாதித் தோளோடு நிற்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிறான். நடுவில் நான் அட்டைச் சாவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பல் தெரிய நிற்கிறேன்.