கறுப்பா நீலமா என்று புறாக்களைக் கேட்டோம்

கரண்ட் பில் வந்தாலே எனக்கு வயிறு எரியும். மாடியில் சோலார் போட்டுவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முனிசிபாலிட்டியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அதுதான் உத்தியோகம். மேலே அவருடைய புறாக்கள் பறந்துகொண்டிருந்தன.

எங்கள் மட்டாஞ்சேரியில் புறா விடுவது ஒரு பைத்தியம். காலையில் கூட்டைத் திறந்தால் மேலே மேலே போய்க் கடுகு போலாகி, அப்புறம் அதுவும் தெரியாது. பகல் முழுக்க அங்கேயே கிடந்துவிட்டு, சாயங்காலம் தன் வீட்டு மாடியைக் கண்டுபிடித்து இறங்க வேண்டும். வேறு மாடியில் இறங்கிய புறா அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தம். போய்க் கேட்கக்கூடாது, அதுதான் வழக்கம்.

அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து புறாக்கூட்டு வேலை என் தலையில் விழுந்தது. ஜூ டவுனில், அந்த யூதர் தெருவில், மசாலாக் கடை வேலைக்குக் கிளம்பும்போது பர்தாவோடு மாடியேறித் திறந்துவிடுவேன். வேலை முடிந்து வந்ததும் அதே பர்தாவோடு ஏறி, மாடியெல்லாம் நாற அடிக்கிறீர்களே சனியன்களே என்று திட்டிக்கொண்டே கோதுமை இறைப்பேன். கிராம்பும் சுக்கும் மணக்கும் காற்றில் அவை ஒவ்வொன்றாக இறங்கும். மாலை வெயிலில் எல்லாமே கொஞ்சம் மிதப்பது போலிருக்கும். அவர் கைப்பிடியைப் பிடித்து மெல்லப் படியேறி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவை தாமதமாக இறங்கும். அவற்றுக்கும் லீவு போல என்று சிரித்துக்கொள்வோம்.

சோலார் கம்பெனிக்காரர் வந்து மூன்று தினுசு சொன்னார். நீலப் பலகை விலை குறைவு, ஆனால் இடம் அதிகம் வேண்டும். கறுப்பு கொஞ்ச இடத்திலேயே நிறைய கரண்ட் தரும். மூன்றாவது, இரண்டு பக்கமும் கண்ணாடி, அடியில் படும் வெளிச்சத்தையும் விடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மேலேந்து பாத்தா இது என்ன மாதிரி இருக்கும்?”

“மேலேந்து ஆரு பாக்கப் போறாங்க, இக்கா?” என்றார் வந்தவர்.

எனக்கு மானம் போயிற்று. ஆனால் அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வெள்ளைவால் பெட்டை ஒன்று, தாய் கைவிட்ட குஞ்சாக இருந்தபோது அவர் தன் வாயில் வைத்து ஊட்டி வளர்த்தது, அது மாடி தெரியாமல் போய்விடுமே என்றுதான் கவலை. சரி, புறாக்களையே கேட்டுவிடலாம் என்றேன். கோபத்தில் சொன்னது, அவர் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழைக்குக் கட்டும் நீலத் தார்ப்பாயை மாடி நிறைய விரித்தோம். புறாக்கள் தாழ வந்தன, சுற்றின, மறுபடி ஏறிவிட்டன. காயல் தண்ணீர் என்று நினைத்துவிட்டன என்றார். தார்ப்பாயைச் சுருட்டிய பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் இறங்கின. அடுத்த ஞாயிறு கறுப்புக்கு முறை. அவ்வளவு பெரிய கறுப்புத் துணிக்கு எங்கே போவது? அலமாரியில் இருந்த என் பழைய பர்தாக்களை விரித்து மூலைக்கு மூலை செங்கல் வைத்தோம். தயக்கமே இல்லாமல் வந்து உட்கார்ந்தன. இரண்டு பக்கக் கண்ணாடியைச் சோதிக்கவே வேண்டாம், கண் கூசும் என்று அவரே தள்ளிவிட்டார். கறுப்பு என்று முடிவாயிற்று.

பலகை பொருத்திய அன்று வேலைக்காரர்களுக்குச் சாயா போட நான் லீவு எடுத்திருந்தேன். சாயங்காலம் மாடி கறுப்பாக மின்னியது. கூடு மட்டும் பழைய மூலையில் இருந்தது. புறாக்கள் வந்தன. சுற்றின. இறங்கவில்லை. அவர் சீட்டியடித்தார், கோதுமை டப்பாவைக் குலுக்கினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வானம் மங்கிக்கொண்டே வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உயிரே போயிற்று. இந்தப் பாழாய்ப்போன கரண்டுக்கு நான்தானே அலைந்தேன்.

வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது, பக்கத்து மாடிகளில் இறங்கிவிட்டால் யார் காலிலாவது விழுந்து திருப்பிக் கேட்டுவிடுவது என்று கீழே இறங்கிப் பர்தாவை மாட்டினேன். போய்வருகிறேன் என்று சொல்ல மாடிக்கு வந்தேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் தலைக்கு மேல் சிறகுச் சத்தம். தோளில் ஒன்று, கைப்பிடிச் சுவரில் இரண்டு, என்னைச் சுற்றிலும் மற்றவை. வெள்ளைவால் கடைசியாக இறங்கி, அந்தக் கறுப்புப் பலகை மேலேயே வழுக்கி வழுக்கி நடந்து என் காலடிக்கு வந்தது.

அவர் டப்பாவை என் கையில் கொடுத்தார்.

“கறுப்பு இல்ல, புள்ள. ஒன்னயாக்கும் அதுங்க தேடுனது.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் பர்தா போடுகிறேன். எங்கே கிளம்பியாச்சு என்று எதிர்வீட்டில் கேட்பார்கள். மாடிக்கு என்பேன்.