மூன்று பேல் ரப்பரும் ஐரோப்பியப் பட்டாள லொறிகளும்

மூன்று பேலைக் கள்ளத்தனமாகக் கட்டியவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். ஐரோப்பிய நாடுகள் மறுபடியும் பட்டாளத்துக்குச் செலவழிக்கத் தொடங்கியிருந்தன. மாத்தளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ரப்பர் ஸ்டோரில் நான் கிரேடர். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரித்து, பெரிய பொதியாகப் பேல் கட்டுவது என் வேலை. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற தலைக்கனமும் உண்டு.

ஷீட்டைப் புகையில் உலர்த்த எங்களுக்குச் சொந்தப் புகைக்கூடம் கிடையாது. எல்கடுவப் பக்கத்துப் பெரிய தோட்டத்தில்தான் எங்கள் ஷீட்டையும் புகை போடுவார்கள். தோட்டத்துத் துரையும் முதலாளியும் அத்தனை சிநேகம். அந்த மாரியில் தோட்டத்துக்கே பெரிய ஓர்டர் வந்துவிட, எங்கள் ஷீட் ஈரத்தோடு முடங்கிப் பூஞ்சணம் பிடித்தது. எங்களுக்கும் ஐரோப்பிய ஓர்டர் ஒன்று முடிக்க இருந்தது. பூஞ்சணத்தோடு பிந்தி வந்த ஷீட்டைத் துணியால் துடைத்து, நல்ல ஷீட்டுக்கு நடுவே வைத்துக் கட்டிவிட்டேன். முதலாளியிடம் மூச்சு விடவில்லை.

சரக்குப் பார்க்க ஒல்லாந்துக்கார ஏஜண்ட் ஒருவர் வந்தார். அமெரிக்காக்காரனே பெக்டரியில் ரப்பர் செய்கிறானே, உங்கள் கூட்டாளிதானே, அங்கே வாங்கினால் என்ன என்று முதலாளி ஆங்கிலத்தில் கேட்டார். கூட்டணியில்தான் இருக்கிறோம், ஆனால் கூட்டாளிக்கே தட்டுப்பாடு வந்தால் எங்கள் பட்டாள லொறி நடுரோட்டில் நிற்கக்கூடாது, டயருக்கு எங்கள் கையிலும் சரக்கு இருக்கவேண்டும் என்றார் அவர்.

அந்த ஆங்கிலம் எனக்கும் ஓரளவு விளங்கியது. அந்த லொறியில் ஏறப்போகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது என்றும் தெரியும். இருந்தும் வாயைத் திறந்தேன்.

"முதலாளி, மூணு பேல் சரியில்லைங்க. பூஞ்சணத்தத் துடைச்சுக் கட்டினது நான்தாங்க."

அவர் முகம் கறுத்தது. ஏஜண்டுக்குத் தமிழ் தெரியாது, மறைத்திருக்கலாம். முதலாளி அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி, பேல்களைப் பிரிக்கவும் வைத்தார். ஏஜண்ட் அந்த மூன்றையும் கழித்துவிட்டு மற்றதை ஏற்றுக்கொண்டார்.

அவர் போனதும், இனி இங்கே வேலை இல்லை என்று நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலாளி மறித்தார்.

"நீ செஞ்சது பிழைதான் தம்பி. ஆனா அடுத்தவன்ட புகைக்கூடத்த நம்பி ஓர்டர் எடுத்தது நான். குடைய வை."

அடுத்த மாரிக்குள் ஸ்டோருக்குப் பின்னால் சின்னதாக ஒரு புகைக்கூடம் எழுந்தது. துரையின் சிநேகமும் குறையவில்லை. சிநேகிதன் இருந்தாலும் நம் கையிலும் ஒன்று இருக்கவேண்டும் என்பதை அங்கேதான் படித்தேன். தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு அதைச் சொல்லிவைக்கிறேன்.

புகைக்கூடத்தின் சாவியை, பொய் பேல் கட்டிய என் கையிலேயே முதலாளி கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு ஷீட்டைக்கூட நான் துடைத்துக் கட்டியதில்லை.