நாலு மீட்டர் ஆழத்தில் என் நாத்தனார்

என் கணவர் இறந்த இருபத்தைந்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். வேலூரில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி, மீன் பண்ணைகளுக்குத் தண்ணீருக்கடியில் போகும் ரோபோவை நாள் வாடகைக்கு அனுப்புகிறது. ரோபோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடப் பை அளவில் ஒரு மஞ்சள் பெட்டி. முன்னால் கேமரா, இரண்டு விளக்கு, சுற்றிலும் சின்னச் சின்ன விசிறிகள், பின்னால் நீளமான ஒயர். நான் படகில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே அதை ஓட்டுவேன். வலை கிழிந்திருக்கிறதா, பாசி அடைத்திருக்கிறதா, அடியில் செத்த மீன் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

"இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வாம்மா," என்றார் முதலாளி. வீட்டில் இருந்தாலும் வெளியே இருந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "பரவால்ல சார்," என்றேன். அவர் கொடுத்த வேலை ஜவ்வாது மலையடிவாரத்தில், படவேட்டுப் பக்கம் ஒரு நீர்த்தேக்கத்தில். அங்கே பெண்கள் குழு ஒன்று மிதக்கும் கூண்டுகளில் ஜிலேபி மீன் வளர்க்கிறது. அந்தக் குழுவில் என் நாத்தனாரும் ஒருத்தி. முதலாளிக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

என் கணவருக்கு இருந்த ஒரே தங்கை அவள். ஆலங்காயம் ரோட்டில் லாரி மோதி அவர் போனபோது தரையில் விழுந்து புரண்டு அழுதாள். நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்றில்லை, வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியத்தன்று அவள் எல்லார் முன்னாலும், "எங்க அண்ணன் செத்துட்டான்னு இவங்களுக்கு யாராச்சும் சொன்னீங்களா?" என்று கத்தினாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்டது நியாயமாகவே பட்டது. அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கரையில் அவள்தான் படகோடு நின்றிருந்தாள். மற்ற பெண்கள் நடவுக்குப் போயிருந்தார்கள்.

"நீங்கதான் வர்றீங்கன்னு தெரியாது அண்ணி," என்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

பெட்டியை ஏற்றக் கை கொடுத்தாள். துடுப்பு போட்டுக்கொண்டே மீனைப் பற்றி மட்டும் பேசினாள். "தீனி போட்டா பாதி அப்டியே மெதக்குது. மூணாவது கூண்டுல மீனு கொறைஞ்சிகினே போவுது. எவளோ அள்ளி விக்கறான்னு குழுல ஒருத்தி மேல ஒருத்தி சந்தேகப்பட்டுகினு கீறாங்க. என்னியும் சேத்துதான்."

"பாத்துடலாம்," என்றேன்.

முதல் இரண்டு கூண்டிலும் பாசியைத் தவிர ஒன்றுமில்லை. மூன்றாவதில் ரோபோவை வலைக்கு வெளியே இறக்கி, அடிப்பக்கமாகக் கொண்டுபோனேன். மூலையில் இரண்டு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் நார் நாராகக் கிழிந்து தொங்கியது. பக்கத்தில் பாதி கடித்த மீன் ஒன்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மீன் ஓட்டை வழியாக நிதானமாக வெளியே போயின.

"ஆமை," என்றேன். "செத்த மீன் அடியில விழுந்ததும் வெளிய இருந்து வலையோட கடிச்சிருக்கு. யாரும் திருடல."

"வீடியோ எடுத்துட்டீங்களா? இல்லேன்னா நம்ப மாட்டாளுங்க."

"எடுத்துட்டேன்."

இன்னும் கொஞ்சம் தெளிவாக எடுக்கலாமென்று ரோபோவைக் கிட்டே நகர்த்தினேன். அது என் தப்பு. தொங்கிய நூல் விசிறியில் சுற்றிக்கொண்டது. ஒயரைப் பிடித்து இழுத்தால் வலை இன்னும் கிழியும்.

"நான் எறங்கறேன்," என்றாள்.

"நாலு மீட்டர் ஆழம் பாப்பா."

"கெணத்துல குதிச்சி வளந்தவ நானு. எங்க கீதுன்னு மட்டும் சொல்லுங்க."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூண்டின் மூலைக் கயிற்றைப் பிடித்தபடி மூழ்கினாள். திரையில் முதலில் பச்சைக் கலங்கலும் தூசியும். பிறகு ஒரு கை. பிறகு அவள் முகம், விளக்கு வெளிச்சத்தில், மிக அருகில். கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். தலைமுடி விலகி நெற்றி முழுதாகத் தெரிந்தது. சத்தமில்லாத அந்த முகம் அவருடையதாக இருந்தது. காலையில் எழுந்ததும் மூக்குக் கண்ணாடியைக் காணாமல் தேடும்போது அவர் இப்படித்தான் இருப்பார்.

இப்போது எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நூல் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்பதைத்தான் கவனித்தேன்.

மூச்சு வாங்க மேலே வந்தவளிடம், "இடது பக்கமா சுத்தியிருக்கு. வலது பக்கமா உருவு," என்றேன். மறுபடி போனாள். இந்தத் தடவை விசிறி விடுபட்டது.

படகில் ஏறி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். என் துண்டைக் கொடுத்தேன்.

"என் மூஞ்சி தெரிஞ்சுதா அதுல?"

"தெரிஞ்சுது."

"எப்டி இருந்துது?"

உன் அண்ணன் மாதிரி என்று சொல்லியிருக்கலாம். "லைட்டு கொஞ்சம் அதிகமா இருந்துது," என்றேன்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்க தூங்கறீங்களா அண்ணி?"

அதுவரை எல்லாரும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருந்தார்கள். "இல்ல," என்றேன்.

"அன்னிக்கி நான் அப்டி கேட்டது..."

"சரியாத்தான் கேட்ட."

"இல்ல. சரியில்ல." துடுப்பை எடுத்தாள். கரைக்கு வந்தோம். பெட்டியை இறக்கும்போது, "அண்ணன் துணியெல்லாம் அப்டியேவா கீது?" என்றாள்.

"அப்டியேதான்."

"ஞாயித்துக்கெழம வர்றேன்."

அன்று சாயங்காலமே வீடியோவைப் பார்த்துவிட்டு, எல்லாப் பெண்களும் சேர்ந்து கூண்டைத் தூக்கி, அடியில் இரட்டை வலை போட்டுத் தைத்ததாக முதலாளி சொன்னார். நல்லது என்றேன்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் அவள் வந்துவிட்டாள். பீரோவைத் திறந்துகொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சட்டையாக எடுத்து, மடிப்பதற்கு முன் முகத்தில் வைத்துப் பார்த்தாள். அழுதாள், மூக்கைத் துடைத்தாள், அடுத்ததை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு வலித்ததால் சற்றுச் சாய்ந்தேன்.

விழித்தபோது வெயில் சுவருக்குப் போயிருந்தது. பீரோ பாதி காலியாக இருந்தது. அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் அவருடைய ஜெர்கினோடு.

"டீ போட்டு வெச்சேன். ஆறிப் போச்சி," என்றாள். "இத நான் எடுத்துக்கவா? காலைல படகுல போறப்ப குளுருது."

"எடுத்துக்க."

டீயைச் சூடு பண்ணட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி அப்படியே குடித்தேன். சர்க்கரை அதிகமாகப் போட்டிருந்தாள்.