விட்டத்தில் கட்டிய வீடு

சிதம்பரத்தில் மூடிக் கிடந்த ஒரு நெல் குடோனை அந்தத் தெருக்காரர்களே சுத்தம் செய்து கலைக்கூடமாக நடத்துகிறார்கள். நான் கடலூரில் ஓவிய ஆசிரியை. அங்கே ஓர் அறை முழுவதையும் எனக்கே கொடுத்து, இஷ்டப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். சுவரில் இடுப்பளவுக்கு, எப்போதோ வெள்ளம் நின்ற பழுப்புக் கோடு. வெள்ளையடித்துத் தருகிறோம் என்றார்கள். அடித்தால் நான் வரமாட்டேன் என்றேன்.

குமராட்சிப் பக்கம் பிறந்தவளுக்கு அந்தக் கோடு போதும். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது என்றால், சாமான்களைப் பழைய புடவைகளில் மூட்டையாக்கி விட்டத்தில் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கிளம்புவோம். முதலில் ஏறுவது மாதா படம், அடுத்தது அரிசி. அந்த அறையையும் அப்படியே ஆக்கினேன். மிக்சி, தலையணை, பாடப்புத்தகம், தையல் மிஷின் எல்லாம் உத்தரத்தில் தொங்கின. கீழே வெறும் தரை. கொஞ்சம் தண்ணீர் நிறுத்தலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். தண்ணீரைக் காட்டத் தண்ணீர் எதற்கு என்று மறுத்துவிட்டேன். தலைக்கனம்தான், இருக்கட்டும்.

சாமான்கள் எல்லாம் அம்மாவுடையவை. திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள்.

“ஏண்டி, நம்ம வூட்டுக் கந்தலை ஊரே பாக்குறாப்ல தொங்கவுடணுமா? ஒன் மாமியா வூட்டுல என்னா நெனப்பாங்க? நான் அங்க வரமாட்டேன்.”

“வராட்டி போ” என்றேன். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அவள் வராவிட்டால் அந்த அறையால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஊரே பாராட்டினாலும் அது அவளைத் தலைகுனிய வைத்து வாங்கிய பாராட்டாகத்தான் இருக்கும்.

திறப்பு நாளில் கூட்டம் ஜாஸ்தி. மாமியார் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல், பக்கத்து வீட்டு அத்தையோடு அம்மா வந்து சேர்ந்தாள்.

“இவதான் இழுத்தாந்தா” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தலைக்கு மேல் தொங்கும் மூட்டைகளைப் பார்த்தாள், சுவரின் கோட்டைப் பார்த்தாள். உடனே புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் துழாவித் துழாவி நடந்தாள். பின்னாலேயே அத்தையும் அப்படியே நடந்தாள். பாதி அறை தாண்டிய பிறகுதான் அம்மா குனிந்து காய்ந்த தரையைப் பார்த்தாள். புடவையை மெல்லக் கீழே விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இதைச் செய்தது நான் என்று எனக்குக் கர்வமாக இருந்தது. கண்ணும் கலங்கியது. அவள் என்ன சொல்வாளோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒருவர் என்னிடம், “இதெல்லாம் யார் வீட்டுச் சாமான்?” என்று கேட்டார்.

நான் தயங்கினேன். அம்மா முந்திக்கொண்டாள்.

“எங்க வூட்டுதுதாங்க. அந்த மிஷினு என்னுது. எந்த வெள்ளத்துலயும் ஒண்ணுகூட நனைஞ்சதில்ல.”

பிறகு நாற்காலிப் பக்கம் போய் என் மாமியாரின் கையைப் பிடித்தாள்.

“எழுந்து வாங்க சம்மந்தி. எங்க வூட்டச் சுத்திக் காட்டுறேன்.”