பெயரில்லாத சீவுளி

அண்ணன் இறந்து நாற்பது நாளான பிறகு, அவரோடு ஒரே தச்சுப் பட்டறையில் வேலை செய்த வெள்ளைக்காரர் எனக்குப் போன் எடுத்தார். போன குளிர்காலத்தில் பட்டறையில் மரம் இழைக்கத் தன் தகப்பன் வைத்திருந்த சீவுளி காணாமல் போனதாம். அண்ணனின் சாமான்களுக்குள் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா என்று கேட்டார். களவு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நான் 'ஓகே' என்றதோடு சரி.

லண்டன் நோர்பரியில், அண்ணன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் ஒரேயொரு இரும்புச் சீவுளி இருந்தது. எங்கேயும் பெயர் இல்லை. அவர் தேடுவதிலும் பெயர் இல்லையாம். தகப்பன் ஐம்பது வருடத்துக்கு முன்பு வாங்கியது. இது அதற்குப் பிந்தியது என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

செய்த கம்பனியின் முத்திரை துருவுக்கு அடியில் மறைந்திருக்கலாம் என்று போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். அங்கேயே சமையலறை மேசையில் பேப்பர் விரித்து, வினிகரில் ஊறவைத்த சீவுளியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். சீவுளியின் கத்தியைக் கழற்றினால் அடியில் மஞ்சளாக ஏதோ தடித்துப் பிடித்திருந்தது. பழைய பசை என்று சுரண்டினேன். முத்திரை இல்லை.

அண்ணி வந்து பார்த்தார்.

"ஐயோ தம்பி, அதில இருந்த சந்தனம் எங்கை?"

"என்ன சந்தனம்?"

"சரஸ்வதி பூசைக்கு வருசா வருசம் பொட்டு வைக்கிறவர். மேல வைச்சா வேலையில அழிஞ்சிடும் எண்டு கத்திக்கு அடியில வைப்பார். அஞ்சாறு வருசத்துப் பொட்டு. அதைக் காட்டியிருந்தாலே காணும், போன குளிருக்கு முந்தியே இது அவற்றை எண்டு விளங்கியிருக்கும். உம்மை ஆர் மினுக்கச் சொன்னது?"

பேப்பரில் கிடந்த மஞ்சள் தூளை முகர்ந்து பார்த்தேன். வினிகர் மட்டும் மணத்தது.

ஞாயிறு அந்த வெள்ளைக்காரர் வந்தார். சீவுளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதே அளவுதான், ஆனால் இப்படி மினுங்கியதில்லை என்றார்.

"குடுத்தா உம்மட அண்ணன் களவெடுத்ததெண்டு ஆகிடும்," என்றார் அண்ணி தமிழில். "வாயைத் திறவும் தம்பி."

இருபது வருடத்தில் நான் ஒரு வெள்ளைக்காரரோடு நாலு வசனம் சேர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன். பூசையைச் சொன்னேன், பொட்டைச் சொன்னேன், அதை நானே சுரண்டியதையும் சொன்னேன். அண்ணன் எடுக்கவில்லை என்றேன்.

எத்தனை பொட்டு இருந்தது என்று அவர் கேட்டார்.

"நான் எண்ணவில்லை," என்றேன்.

அவர் தலையாட்டினார். சீவுளியை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

"நம்பினவரோ?" என்று அண்ணி கேட்டார்.

"தெரியேல்லை அண்ணி."

அடுத்த கிழமை அண்ணி வீட்டுக்குப் போனபோதும் அது மேசையிலேயே இருந்தது. தேய்த்த இடமெல்லாம் புதுத் துரு. நான் தொடவில்லை.