கட்டத்துக்குள் சிக்காத முடிச்சு

திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன் நான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனாலும், வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் இயற்பியல் செய்கிறார்களே, அந்தப் பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. போன தீபாவளி சீசனில், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்த என் மனைவியிடம் அதை அளந்துகொண்டிருந்தேன்.

“கட்டத்தோட ஒவ்வொரு கோட்டுலயும் ஒரு கணக்கு உக்காந்திருக்கு. எல்லாம் சேந்து அங்கங்க முடிச்சு மாதிரி முறுக்கிக்கிடும். லேசா அசைச்சு அவுக்க முடியாது. சூடு ஒரு எல்லையத் தாண்டுச்சுன்னா முடிச்சே அபூர்வமாயிரும்.”

“சூடு எல்லை தாண்டுனா எங்க கம்பெனி ரூம்லயுந்தான் ஒண்ணும் மிஞ்சாது. இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு?” என்றாள், வெங்காயம் உரித்தபடி.

நான் விடவில்லை. “முடிச்சு சும்மா தெரியாது புள்ள. மேல ஒரே நடுக்கமா இருக்கும். அதத் தணிச்சுத் தணிச்சு வழவழன்னு ஆக்குனாத்தான் தெரியும். ஆனா கட்டத்த விடப் பொடி முடிச்சா இருந்தா, தணிக்கையிலயே இடுக்கு வழியா நழுவிரும். பெறகு எண்ணுனா, அது இருந்த தடமே இருக்காது.”

அவள் கை நின்றது. “அப்ப அது நாந்தான்.”

சட்டப்படி கம்பெனியில் ஒரு ரூமில் நாலு பேர்தான் வேலை பார்க்கலாம். சீசனில் அதைப்போல இரண்டு மடங்கு உட்காருவார்கள். சோதனைக்கு ஆபீசர் ஜீப் வருகிறதென்றால், பதிவில் பேர் இல்லாதவர்களைப் பின்னால் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிட்டு, சிந்திய வெடிமருந்தைக் கழுவி, ரூமைப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்களாம். ஓடுகிறவர்களில் அவளும் ஒருத்தி.

“பேர எழுதச் சொல்லு.”

“நல்லாச் சொன்னீக. கேட்டா, மறுநாளு கம்பெனி வேன் நம்ம தெருவுல நிக்காது.”

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மேகமே இல்லாத வானத்தில் இடி மாதிரி வெடிச் சத்தம் கேட்டது. பிரஸ் ஜன்னல் அதிர்ந்தது. மிஷினை நிறுத்தினேன். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஆபீசுக்கு அடித்தேன்.

“இங்கன இல்லீங்க, பக்கத்து ஊருல” என்றார் கணக்கர்.

உயிர் வந்தது. மனைவி பேரைச் சொல்லி, ஒரு வார்த்தை பேசக் கூப்பிடச் சொன்னேன்.



“அந்தப் பேருல இங்கன யாரும் வேலை பாக்கலையே.”

பைக்கில் போய், வேன் கிளம்பும்வரை கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றேன். வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“ஆபீசர்தான் கேக்காருன்னு பயந்திருப்பாரு, பாவம்” என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தூக்கைக் கழுவி, மறுநாளைக்குக் கவிழ்த்து வைத்தாள்.