விருந்தாளி குத்திய சாமை

எனக்கு மறதி குறைவு. யார் எந்த வருடம் என்ன சொன்னார்கள், சொல்லும்போது என்ன கலர் புடவை கட்டியிருந்தார்கள் என்பது வரைக்கும் அப்படியே இருக்கும். அதனாலேயே என் வீட்டுக்காரர் என்னோடு சண்டைக்கு வருவதில்லை. அந்த அறக்கட்டளை அம்மாவிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கலாம். அவருக்கு நல்லதாகப் போயிருக்கும்.

கொல்லிமலையில், திருப்புலி நாடு என்கிற பகுதியில் எங்களுடையது சின்ன ஊர். பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். ப்ளஸ் டூ வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மனு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, ஆபீஸ் படியேறுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சாமைக்கு உமி நீக்கும் மிஷின்.

சாமையைக் கடையில் பாக்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு இது புரியாது. பொடிப்பொடியான தானியம் அது. உமி அதன்மேல் பிடித்த பிடியை விடாது. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, மூன்றாம் முறையும் குத்தினால்தான் உலையில் போடலாம். நெல் மிஷினில் போட்டால் நொறுங்கி நொய்யாகிவிடும். அதற்கென்று இருக்கிற மிஷினைத் தேடி மூட்டையோடு பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிப் போய்வந்தால் ஒரு நாள் காட்டு வேலை போச்சு.

மற்றவர்களாவது எப்படியோ சமாளித்தார்கள். என் ஓரகத்தியால் முடியவில்லை. வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எனக்கு அக்கா. அண்ணன் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். குத்திக் குத்தி அக்காவின் வலது தோள் போய்விட்டது. கொடியில் துணி போடக்கூடக் கை எழும்பாது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது உலக்கையை இனிமேல் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தொடாமல் எதைத் தின்பது என்று அவர்கள் சொல்லவில்லை. அக்கா தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். மிஷினுக்காக நான் அலைந்தது ஊருக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் அந்தத் தோளுக்காகத்தான்.

நாமக்கல் பக்கம் வசதியான குடும்பம் ஒன்று, காலமான பெரியவர் பெயரில் அறக்கட்டளை வைத்து இந்த மாதிரி காரியங்களுக்கு உதவுகிறது என்று பேங்கில் ஒருவர் சொன்னார். சேந்தமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். பக்கம் பக்கமாகக் கேள்வி. பயனாளிகளின் சிரமத்தை விவரிக்கவும் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்காவின் தோளை எழுதினேன். மூன்று தடவை குத்துவதை எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சென்டரில் டைப் அடித்த பெண்ணே நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்து போன். பெரியவரின் மருமகள்தான் அறக்கட்டளையைக் கவனித்துக்கொள்கிறாராம். வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறாராம்.

இங்கேதான் நாங்கள் செய்தோமே ஒரு காரியம். அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. வருகிறவர் விருந்தாளி. விருந்தாளிக்குச் சாமைச் சோறு போடலாமா? நான் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது மலையிலிருந்து வந்த எங்களைச் சாமைச்சோறு, சாமைச்சோறு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வடு யாருக்கும் ஆறவில்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளை வந்தாலும் சரி, வாத்தியார் வந்தாலும் சரி, கடன்பட்டாவது அரிசிச் சோறு. அதனால் பொன்னி அரிசி வாங்கிவந்தோம். நாட்டுக்கோழி அடித்தோம். பிளாஸ்டிக் சேர் ஒரு வீட்டிலிருந்து, மிக்ஸி இன்னொரு வீட்டிலிருந்து, எவர்சில்வர் தட்டு மூன்று வீட்டிலிருந்து. எல்லாரும் கல்யாணப் புடவை. உரலையும் உலக்கையையும் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடினது நான்தான். வந்தவர்கள் முன்னால் உடம்புக்கு முடியாதவளை உட்கார வைப்பது மரியாதையில்லை என்று அக்காவை உள்ளே இருக்கச் சொன்னதும் நான்தான்.

அந்த அம்மா வந்தார். நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்து, உங்களுக்கெல்லாம் என்ன கஷ்டம் என்று கேட்டார். நம் வீட்டில் கை நனைத்தவரிடம் நம் கஷ்டத்தைச் சொன்னால், போட்ட சோற்றுக்குக் கூலி கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? அத்தனை வாயும் ஒன்றாகச் சொன்னது, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். விண்ணப்பத்தில்தான் எல்லாம் எழுதியிருக்கிறோமே, படித்திருப்பார் என்று நினைத்தேன்.

கடிதம் வந்தது. இவ்வூர்ப் பெண்கள் அன்றாடம் அரிசிச் சோறே உண்கிறார்கள் என்பதும், மிக்ஸி முதலிய வசதிகளோடு நல்ல நிலையில் வாழ்கிறார்கள் என்பதும் நேரில் கண்டபோது தெரியவந்ததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அக்கா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் எழுந்து போய்த் தார்ப்பாயை எடுத்தாள்.

அடுத்த பஸ்ஸில் நான் மலையிறங்கினேன். அவர்கள் ஆபீஸில் காலையில் உட்கார்ந்தவளை மதியத்துக்குமேல் கூப்பிட்டார்கள். அந்த அம்மா நீலப் புடவை கட்டியிருந்தார். பக்கத்தில் விருந்தாளிகள் போல நாலைந்து பேர். நான் நடந்ததைச் சொன்னேன். அரிசி வாங்கியது, மிக்ஸி இரவல் வாங்கியது, உரலை மூடியது. அந்த அம்மா சிரித்தார். கோபப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன்.

"மலைக்காரங்க வெகுளின்னு சொல்லுவாங்க. நீங்க நல்லா வெவரமா இருக்கீங்க. அரிசிச் சோறு தின்னுட்டு, தோளு போச்சு கையி போச்சுன்னு கதை எழுதறீங்க. நாங்க நெஜமாலுமே கஷ்டப்படறவங்களுக்குக் குடுக்கறமுங்க."

உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தாளில் முழு உண்மையை எழுதினேன், அதைக் கதை என்றார். பஸ்ஸில் மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு பதில் தோன்றியது. மேலே வந்து சேர்ந்தபோது பதில் எதுவும் வேண்டியதில்லை என்று தெளிந்துவிட்டது. இந்த அம்மா ஒருநாள் என் வாசலுக்கு வருவார், அன்றைக்கு வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் முழுக்க இதையே கறுவிக்கொண்டிருந்தேன். மிளகு பறிக்கும்போதும், குச்சிக்கிழங்கு பிடுங்கும்போதும் அந்த நீலப் புடவைதான் முன்னால் நின்றது.

வந்தார். ஊரெல்லாம் திடீரென்று சிறுதானியம், சிறுதானியம் என்று பேச ஆரம்பித்திருந்த நேரம். பெரியவரின் நினைவு நாளுக்கு அறக்கட்டளை ஒரு வீடியோ எடுக்கிறதாம். மலைமக்களோடு உட்கார்ந்து அந்த அம்மா சாமைச் சோறு சாப்பிடுகிற காட்சி வேண்டுமாம். முடிந்தால் உங்கள் பழைய விண்ணப்பத்தையும் பார்க்கலாம் என்று போன் செய்தவர் ஒரு தூண்டில் போட்டார். வாங்க, தாராளமாக வாங்க என்றேன். தேன் ஒழுகியது என் குரலில்.

இந்தத் தடவை சேர் கிடையாது. மிக்ஸி கிடையாது. யாரும் புடவை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சாமையும் குத்தி வைக்கவில்லை. உரலை வாசலுக்கு உருட்டிவந்தோம். கேமராக்காரர் எல்லாம் மாட்டி முடித்ததும், அந்த அம்மாவின் கையில் உலக்கையைக் கொடுத்தேன்.

"எங்க நாட்டு வழக்கமுங்கம்மா. சாமை கேட்டு வர்ற விருந்தாளி, கூட உக்காந்து திங்கற அத்தனை பேருக்கும் தன் கையாலயே குத்தணுமுங்க. பாதியில உலக்கைய வெச்சுட்டா அந்த ஊட்டுல அடுத்த வெள்ளாமை வெளங்காது."

அப்படி ஒரு வழக்கம் கொல்லிமலையில் எந்த நாட்டிலும் கிடையாது. அந்த நிமிஷம் என் வாயில் பிறந்தது. விருந்தாளியைத் துரும்பெடுத்துப் போடவிடாததுதான் எங்கள் வழக்கம். என்னைப் பொய்க்காரி என்றாரே, அவர் சொல்லை நான் மெய்யாக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வளையல்களைக் கழற்றிக் காரோட்டியிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். முதல் குத்திலேயே சாமை நாலாபக்கமும் சிதறியது. பொறுக்கிப் போட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. ஒரு சுற்று முடிந்ததும் ஆகிவிட்டதா என்று பார்த்தார். நான் முறத்தில் புடைத்துக் காட்டினேன். பாதிக்குமேல் உமியோடு இருந்தது. இன்னும் இரண்டு தடவை இருக்குங்கம்மா என்றேன். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில் மூச்சு இரைத்தது. மூன்றாம் சுற்றில் உள்ளங்கை கொப்புளித்து, ஒன்று உடைந்தும் விட்டது. ஐயோ பாவம் என்று எனக்குத் தோன்றியதா என்றால், இல்லை. ஒரு வருடமாக எரிந்த வயிறு அன்றைக்குக் குளிர்ந்தது. கல் உரலில் அந்த உலக்கை விழுகிற ஒவ்வொரு சத்தமும் காதுக்கு அத்தனை இனிப்பாக இருந்தது.

சோறு வெந்து இலை போட்டோம். அந்த அம்மாவால் சோற்றைப் பிசைய முடியவில்லை. ஸ்பூன் கேட்டார். எங்களிடம் ஸ்பூன் இல்லையே என்றேன். இருந்தது. இரண்டு வாய் எப்படியோ சாப்பிட்டார். பிறகு கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"இதையவா தெனமும் செய்யறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "நான் சொன்னது தப்புங்க. மிஷினு இந்த மாசமே வந்துரும். போனதும் எழுதிடறேன்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சரிங்க, சந்தோஷமுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அவர் தப்பென்று சொன்னது எனக்குப் போதவில்லை. நாலு பேர் முன்னால் என்னைச் சொன்னாரே, நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேமரா வேறு என் பக்கம் திரும்பியிருந்தது.

"வேண்டாமுங்க," என்றேன். "நாங்க அரிசிச் சோறு திங்கறவங்க. உங்க லெட்டருலயே இருக்குதுங்க. நெஜமாலுமே கஷ்டப்படறவங்களாப் பாத்துக் குடுங்க."

அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கேமராக்காரர் மெல்லக் கேமராவை இறக்கினார். அந்த அம்மா இலையை மூடிவிட்டு எழுந்து காரில் ஏறினார். கார் திருப்பத்தில் மறைகிறவரை நிமிர்ந்து நின்று பார்த்தேன். அதன்பிறகு அவர்களிடமிருந்து போனும் இல்லை, கடிதமும் இல்லை. நினைவு நாள் வீடியோவில் வேறு ஏதோ ஊர் வந்ததாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் வரை நான் ராணி மாதிரிதான் இருந்தேன். நடந்ததை எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லச் சொல்லக் கேட்கிறவர்களின் முகம் சுருங்கிக்கொண்டு போனதை நான் கவனிக்கவில்லை. ஒருத்தி மட்டும், அப்ப மிஷினு வராதா என்று கேட்டாள். ரோசம்னு ஒண்ணு வேண்டாமா என்று அவள் வாயை அடைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அக்கா வந்தாள். இடது இடுப்பில் ஒரு முறம் நிறையச் சாமை. என் உரலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"மிஷினு வேண்டாம்னு சொன்னது நீ. என் தோள நீ கேட்டியா? கேக்கலையே கண்ணு. இனிமே எனக்கும் நீயே குத்து."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன். விலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் உலக்கையை எடுத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுச் சாமையும் என் கையில்தான். இரண்டு வருடமாகிறது. குழு பெயரில் வேறு எங்கெங்கோ மனு போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாவிடமே போய் ஒரு வார்த்தை கேட்டுப் பார் என்கிறார்கள். என் உயிர் போனாலும் அந்தப் படியேற மாட்டேன். இப்போதும் குத்தும்போது உரலுக்குள் எனக்குத் தெரிவது நீலப் புடவைதான்; அதை நினைத்தால் இரண்டு குத்து அதிகமாகவே விழும். அக்கா ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. நன்றி என்றும் சொன்னதில்லை.

போன வாரம் குத்திக்கொண்டிருந்தபோது கை சட்டென்று நின்றுவிட்டது. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோளில் என்னமோ சுளீர் சுளீர் என்று பிடிக்குதக்கா என்றேன்.

அக்கா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அப்படித்தான் ஆரம்பிக்கும்," என்றாள்.